ஓடுவதற்கு வைத்த பைகள்

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். அப்படிப்பட்டவளுக்குக் கடல் தாண்டி ஓர் அழைப்பு வந்தது. "பயத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறேன். இந்த விஷயத்தில் உன்னைவிடக் கைதேர்ந்த ஆள் எனக்குத் தெரியாது. வந்து சேர்" என்று தவமணி எழுதியிருந்தாள்.

தவமணி சென்னையில் என்னோடு ஓவியம் படித்தவள். யாழ்ப்பாணத்துப் பெண். படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு குளத்துக்குக் கீழே கணவனுக்குக் கிடைத்த வயல்காணியில் குடியேறினாள். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லித் தருகிறாள். நானும் திருச்சியில் அதே வேலையைத்தான் செய்கிறேன். எண்பத்திரண்டாம் வருஷம் கோடை விடுமுறையில் துணிந்து கிளம்பிவிட்டேன்.

வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இரண்டு சிங்களப் பெண்கள். பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தேன். அது இருக்கிறதா என்று கை தானாகவே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவள் என்னைக் கவனித்துவிட்டு ஏதோ கேட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பித் தமிழில் சொன்னார். "உங்களுக்கு வயிற்றுவலியா என்று கேட்கிறா. இஞ்சி வைச்சிருக்கிறாவாம்." பாஸ்போர்ட் என்றதும் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். மூத்தவள் மறுபடி ஏதோ சொல்ல, அவர் மொழிபெயர்த்தார். "அவவின்ர மனுசனும் காசை அங்கதான் கட்டுவாராம். பயணத்தில குப்புறத்தான் படுப்பாராம்." இஞ்சியையும் கொடுத்தாள். வலி இல்லாமலே தின்றேன். அதற்குப் பிறகு வவுனியா வரை என் கை சும்மா இருந்தது.

வவுனியாவில் பாணும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். ரொட்டியைத்தான் அங்கே பாண் என்கிறார்கள். நம் ஊரில் ரொட்டி காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. இங்கே அதைச் சம்பலில் புரட்டி, பால் விடாத தேத்தண்ணியோடு அடித்தால் காய்ச்சல்காரனும் எழுந்து வயலுக்குப் போவான். தேத்தண்ணியில் சர்க்கரை போடவில்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இனிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் விடாமல் என் பல்லிடம் விட்ட ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

மாங்குளத்திலிருந்து உள்ளே திரும்பிய பஸ் காட்டுக்கு நடுவில் நின்றது. "பெரியவர் நிக்கிறார்" என்றார் கண்டக்டர். யாரோ ஊர்ப் பெரிய மனுஷர் ஏறப் போகிறார் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு யானை. என் கை மறுபடி பாஸ்போர்ட்டுக்குப் போனது. பஸ்ஸில் வேறு ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தாள். ஒருவர் பாலைப்பழப் பொட்டலத்தை அவிழ்த்து எனக்கும் நீட்டினார். பாலும் தேனுமாக உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும் பழம். நான் அதைத் தின்று முடிப்பதற்கும் யானை காட்டுக்குள் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. இந்த மனிதர்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, இவர்களிடம் போய்க் கண்காட்சியா என்று நினைத்துக்கொண்டேன்.

தவமணி என்னைக் கண்டதும் அழுதாள், பிறகு "கொழுத்துப் போனாய்" என்றாள். குரக்கன் புட்டும் மரை வத்தல் கறியும் வைத்திருந்தாள். நம் கேழ்வரகுதான் அங்கே குரக்கன். மரை என்பது மானுக்குப் பெரியப்பா. சாப்பிட்ட களைப்பில் எதையும் கவனிக்காமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை. கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருகிறேன் என்று நல்ல பிள்ளையாகக் கிளம்பினேன். கதவோரத்தில் ஆணியில் ஒரு பை தொங்கியது. உரச்சாக்கைத் துவைத்து மடித்துத் தைத்த உறுதியான பை. எடுத்தேன். கனத்தது. சமையலறையிலிருந்து தவமணியின் குரல் வந்தது.

"கோகிலா, அதைத் தொடாதை. அது கடைக்குப் போற பையில்லை."

"பின்னே?"

"ஓடுறதுக்கு வைச்ச பை."

எழுபத்தேழில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கதவோரத்தில் ஒன்று உண்டாம். தவமணி அதை எனக்கு இறக்கிக் காட்டினாள். காணிப் பத்திரம், பிறப்புப் பதிவுகள், ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, நெருப்புப்பெட்டி, காய்ச்சல் மாத்திரை, ஒரு பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் நமத்துப்போகும் என்பதால் மாதத்துக்கு ஒரு தரம் புதுசு வைத்துவிட்டுப் பழையதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அந்த நாள் எப்போது வரும் என்று அவள் பிள்ளைகள் தீபாவளியைப் போலக் காத்திருப்பார்களாம்.

"சரி, எங்கே ஓடுவீங்க?" என்று கேட்டேன்.

"அது தெரியாது. பை இருக்கு."

இதுதான் அவள் கண்காட்சி. கல்லூரியில் நாங்கள் பயத்தை வரையச் சொன்னால் பிதுங்கிய கண்ணும் பிளந்த வாயுமாகப் போட்டுத் தள்ளுவோம். நீலமும் கறுப்பும் வாளி வாளியாகச் செலவாகும். தவமணி சொன்னாள், "இஞ்சை ஒருத்தரும் வாயைப் பிளக்கிறதில்லையடி. காலமை எழும்பி வயலுக்குப் போயினம், கலியாணம் செய்யினம், யானைக்கு வழி விடினம். பயம் பேசாமல் ஆணியிலை தொங்குது. அதை நான் ஏன் கீறவேணும்? அதையே கொண்டுவந்து கொழுவினால் என்ன?" வரைவதை அங்கே கீறுவது என்பார்கள், மாட்டுவதைக் கொழுவுவது.

அந்த நேரத்தில் குளத்தடி நெற்களஞ்சியம் காலியாக இருந்தது. அடுத்த அறுவடை வரை அது வெறும் எலிகளுக்குத்தான். அந்த நீண்ட சுவர்களில் தவமணி கரியாலும் சுண்ணாம்பாலும் கதவுகளை வரைந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டின் கதவும் உள்ளபடி உள்ள அளவில். பலகைக் கதவு, தகரக் கதவு, ஓலைத் தட்டி, கதவே இல்லாமல் சாக்குத் தொங்கும் வாசல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிஜ ஆணி அடித்திருந்தாள். பைகள்தான் பாக்கி. இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கப் போனோம். ஒருவரும் முகத்தில் அடித்தாற்போல மறுக்கவில்லை, தேத்தண்ணி கொடுத்துத்தான் மறுத்தார்கள். "எங்கட வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை ரீச்சர்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் தாராளமாகத் தந்தார். தவமணி தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, வயித்தை வீட்டிலை வைச்சிட்டுத் தோலைத் தாறியள்" என்றாள். மனிதர் சிரித்துக்கொண்டே கட்டிலுக்குக் கீழிருந்து சாமான்களை எடுத்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். ஒருவர் தந்ததும் அடுத்த வீட்டில் கேட்பது சுலபமாயிற்று.

பரமேஸ்வரி அக்காவும் தந்தார். நல்ல கல்வீடு, ஓட்டுக் கூரை, ஐந்து ஏக்கர் வயல் உள்ள குடும்பம். ஆனால் பையைக் கொண்டுவந்து மாட்டும்போது அவருக்கு ஒரு குறை. "தவம், பக்கத்துக் கதவு பாக்கியத்தின்ர தானே. அது எங்கட வயலிலை கூலிக்கு வாறது. எங்கட பையை வேற பக்கம் கொழுவன்." தவமணி கரிபிடித்த கைகளைக் காட்டி, "கதவெல்லாம் கீறி முடிஞ்சுது அக்கா. வேணுமெண்டால் நீங்கள் வீட்டைத் தூக்கி வேற பக்கம் வையுங்கோ" என்றாள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அங்கேயே மாட்டினார்.

பாக்கியத்தின் பை இன்னும் வந்திருக்கவில்லை. அதைக் கேட்க நாங்கள் காட்டோரத்துக்குப் போனோம். எழுபத்தேழில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் அங்கே காடு வெட்டிக் குடியிருக்கிறார்கள். ஓலை வீடுகள். அவர்கள் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் என் ஊர்ப் பேச்சு.

"வாங்கம்மா, உக்காருங்க. ரொட்டி சுடுறேன், சாப்ட்டுப் போகலாம்" என்றாள் பாக்கியம். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான தேகம். கணவன் இல்லை, ஒரு மகள் மட்டும். தேங்காய்ப்பூ போட்ட கனத்த ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல், சாயம் இறங்கிய தேநீர். தேநீர் என்றால் அதுதான் தேநீர். அதைப் பறித்த கைகளுக்குத்தானே அதைப் போடத் தெரியும்.

எந்த ஊர் என்று என்னைக் கேட்டாள். முசிறிப் பக்கம் என்றேன். அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஆளுங்களும் முசிறிப் பக்கந்தான்னு சொல்வாங்க. நான் பாத்ததில்ல. இப்ப அங்க மழ பெய்யுதாம்மா?" இல்லை, நல்ல வெயில் என்றேன். அவள் அதற்காக வருத்தப்பட்டாள். தான் ஒருநாளும் காணாத ஊருக்கு மழை இல்லையே என்று வருத்தப்பட்ட அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பையைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதுவும் அதே உரச்சாக்குப் பை. ஊரில் தையல் மெஷின் ஒன்றுதான், தைப்பவரும் ஒருவர்தான். எல்லாப் பைகளும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும்.

"குடுக்க முடியாதுங்கம்மா, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நாங்க இருந்த லயத்து வரிசை வீடுங்களுக்கு நெருப்பு வச்சப்ப உடுத்துன துணியோட ஓடுனேன். பொறந்த பதிவு, கல்யாணப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் எரிஞ்சு போச்சு. பொறகு எத்தன வருசம் கவர்மெண்டு கந்தோர் கந்தோரா அலைஞ்சு ஒவ்வொண்ணா திரும்ப எடுத்தேன் தெரியுங்களா? எம் புருசன் அந்த அலைச்சல்லயே போய்ச் சேந்தாரு. நான் இந்த நாட்டுல பொறந்தவன்னு சொல்றதுக்கு எனக்கு இது ஒண்ணுதாங்க சாட்சி. இது இல்லேன்னா நான் எந்த ஊருக்காரியும் இல்ல. ராத்திரி இதுமேல கைய வச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்."

தவமணி உடனே எழுந்துவிட்டாள். "வேண்டாம் பாக்கியம். உன்ர கதவிலை ஆணி மட்டும் இருக்கட்டும். அதுவும் சரிதான்."

நாங்கள் வேலிப் படலை வரை வந்துவிட்டோம். பின்னாலேயே வந்தாள் பாக்கியம். "எல்லாரும் குடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றாள் தவமணி. "அப்ப என்னுது மட்டும் இல்லேன்னா நல்லாருக்காது. பகல்ல மட்டும் மாட்டுங்க. நான் அதுக்குக் கீழயே உக்காந்திருப்பேன். பொழுது சாஞ்சா எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

சொன்னபடியே செய்தாள். திறப்புவிழா அன்று விடிந்ததும் வந்து, தன் கதவுக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். மடியில் கச்சான் கடலை, உடைத்து உடைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கண்காட்சிகளில் ஒரு மூலையில் காவல்காரர் தூங்கிக்கொண்டிருப்பதுதான் நான் கண்ட வழக்கம். கடலை கொடுத்து வரவேற்ற காவலை இங்கேதான் பார்த்தேன்.

ஊர் முழுக்க வந்தது. முதலில் எல்லாருக்கும் ஏமாற்றம். "உந்தப் பையைப் பாக்கவோ வெயிலுக்கை வந்தனான்? வீட்டிலை நெடுகப் பாக்கிறன்" என்றார் ஒருவர். "ரீச்சர் நல்ல மயில் கீறுவா. ஒரு மயிலைக் கீறியிருக்கலாம்" என்றாள் ஒருத்தி. நான் நவீன ஓவியத்தைப் பற்றி எதையோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் நேரம் போகப் போகக் கூட்டத்தின் சத்தம் குறைந்தது. ஒவ்வொருவரும் தன் கதவைத் தாண்டி மற்றக் கதவுகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். சங்கக்கடை மனேஜர் கதவிலும் பை. வட்டிக்குக் கொடுக்கிறவர் கதவிலும் பை. ஊரில் யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த ஒரு கிழவரின் தகரக் கதவில் இரண்டு பைகள். ஒரு வயல்காரர் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு மனைவியிடம் சொன்னதை நான் கேட்டேன். "எங்களுக்கு மட்டும்தான் உந்தப் பயம் எண்டு நினைச்சு வெக்கப்பட்டுக்கொண்டிருந்தனான்." அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் கடல் தாண்டி வந்தது சரி என்று தோன்றியது.

திறந்து வைக்க ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். சபாபதி ஐயா, அரசாங்கக் கந்தோரில் பெரிய வேலை. மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். குத்துவிளக்கு, நிறைகுடம், மல்லிகை மாலை எல்லாம் தயார். நாலானது, ஐந்தானது. மாலை வாடியது. ஐயா வரமாட்டார் என்று முடிவு செய்து நாங்களே விளக்கை ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினோம். பொழுது சாயப் போகிறதே என்று பாக்கியம் எழுந்தாள். பையை இறக்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு கை உதவுவோம் என்று தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்போதுதான் குளக்கட்டில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. புழுதிக்குள்ளே ஆடி ஆடி வந்தன.

"ஜீப்" என்றார் யாரோ. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவ்வளவுதான். அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களைக் காணவில்லை. எல்லாரும் களஞ்சியத்துக்குள் பாய்ந்தார்கள், ஆணிகளிலிருந்து பைகளை இழுத்தார்கள், பிள்ளைகளைக் கக்கத்தில் இடுக்கினார்கள், பின்பக்க வழியாகக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஒருவரும் அலறவில்லை, ஒரு குழந்தைகூட அழவில்லை. எத்தனை தரம் மனதுக்குள் ஓடிப் பார்த்திருந்தால் அப்படி ஓட வரும்! பாக்கியம் கேத்தலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியதைப் பார்த்தேன். அவள் ஆணி வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கதவில் மட்டும் ஒரு பை தொங்கியது, பரமேஸ்வரி அக்காவுடையது. பாக்கியம் ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தப் பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகள் இழுக்க, அவளும் போய்விட்டாள்.

ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளை வேட்டியோடு இறங்கினார் சபாபதி ஐயா. வழியில் டயர் காற்றுப் போய்விட்டதாம். தாங்களே மாலை தொடுத்து அழைத்த விருந்தாளியைக் கண்டுதான் ஊரே காட்டுக்குள் ஓடியிருக்கிறது. அந்த நாட்களில் அங்கே ஜீப் என்றால் ராணுவம் அல்லது பொலிஸ் என்றுதான் எண்ணம் போகும். நல்ல காரியத்துக்கு ஜீப்பில் ஒருவர் வருவார் என்பதை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

தவமணியும் நானும் மட்டும் நின்றோம். ஓட எனக்கும் ஆசைதான், தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயா உள்ளே போய், விளக்கு வெளிச்சத்தில் வெறும் கதவுகளையும் வெறும் ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதுதான் கண்காட்சி என்று நினைத்துவிட்டார். "நல்ல கருத்து" என்றார். "எல்லாரும் போன பிறகு இப்பிடித்தான் இருக்கும், என்ன?"

தவமணி நடந்ததைச் சொன்னாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கட வீட்டிலையும் ஒண்டு இருக்கு. மனுசி அலுமாரிக்குப் பின்னாலை வைச்சிருக்கிறா. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறா" என்றார். வாடிய மாலையை அவருக்குப் போட்டோம்.

ஆட்களைக் கூப்பிட அவரே காட்டோரத்துக்கு வந்து நின்று, "பிள்ளையள், நான்தான், வாங்கோ" என்று குரல் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள், தலையில் சருகும் முகத்தில் அசட்டுச் சிரிப்புமாக. பைகள் மாறிப்போயிருந்தன. இது உங்களுடையதா, அது யாருடையது என்று விளக்கடியில் ஒன்றொன்றாகத் திறந்தார்கள். ஒரு பைக்குள் விதைநெல். ஒன்றில் மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் மட்டும். அஞ்சாத கிழவரின் இரண்டாவது பையில் அவர் நாய்க்கு ஒரு கிண்ணம். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. ஒருவர் பயத்தை ஒருவர் திறந்து பார்த்துவிட்டு அப்படிச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

சிரிக்காதவள் பாக்கியம் ஒருத்திதான். பரமேஸ்வரி அக்காவும் கணவரும் மோட்டார் சைக்கிளில் ஏறி அப்படியே தண்ணீரூற்றில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். பாக்கியத்தின் பை அவர்களோடு போயிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் தவமணியும் நானும் பாக்கியமும் தண்ணீரூற்றுக்குக் கிளம்பினோம். பாக்கியம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மடியில் அக்காவின் பை. உள்ளே என்ன இருக்கிறது, பத்திரமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடேன் என்றேன். "அவங்க பைங்க. நாம தொறக்கக் கூடாது" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவங்க என்னுதத் தொறந்தா, அதுல அழுக்குத் தாளுதான்னு எறிஞ்சுருவாங்களாம்மா?" என்று கேட்டாள். பயத்தில் கைதேர்ந்தவள் என்று பெயரெடுத்தவள் நான். பூட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பட்ட பயமெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் சும்மா பொழுதுபோக்கு.

முள்ளியவளை தாண்டியதும் எதிரே ஒரு பஸ் வந்தது. டிரைவர்கள் இருவரும் சினேகிதர்கள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குசலம் விசாரித்தார்கள். நம் ஊரிலும் இது உண்டு, நான் அப்போதெல்லாம் பல்லைக் கடிப்பேன். அன்றைக்கு அந்தப் பழக்கத்துக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது. எதிர் பஸ்ஸின் ஜன்னலில் பரமேஸ்வரி அக்கா இருந்தார்.

"பாக்கியம், இறங்கு" என்றார் அவர்.

ரோட்டில் இரண்டு பஸ்களுக்கும் நடுவில் இருவரும் நின்றார்கள். அக்காவின் கையில் பட்டுச்சேலை மூட்டை ஒன்று. அதை அவிழ்த்தார். உள்ளே பாக்கியத்தின் பை.

"இரவு தூறல் போட்டது. நனைஞ்சிடும் எண்டு தங்கச்சியின்ர கூறைச்சேலையை வாங்கிச் சுத்தினனான். எங்கட எண்டு நினைச்சுத் திறந்திட்டன், குறை நினைக்காதை. உன்ர மனுசன்ர படத்தைக் கண்ட உடனை மூடிப்போட்டன். விடிஞ்ச உடனை முதல் பஸ் எடுத்தனான்."

பாக்கியம் பைக்குள் கையை விட்டாள். பார்க்கவில்லை, விரலால்தான் ஒவ்வொரு தாளையும் தொட்டாள். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பை அவள் மடியில் கட்டு அவிழாமல் இருப்பதை அப்போதுதான் கண்டார். "நீ திறக்கேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்று பாக்கியம் தலையை ஆட்டினாள். இரண்டு பஸ்ஸிலும் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. ஒரு கண்டக்டர் பொலித்தீன் பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த இரண்டு டிரைவர்களுக்கும், முகம் மறந்துபோன அத்தனை பயணிகளுக்கும் நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் நால்வரும் ஒன்றாக வந்தோம். அக்கா யோசித்துக்கொண்டே வந்தார். "நானும் அவரும் விசரர் மாதிரி றோட்டாலை ஓடியிருக்கிறம். ஜீப் வாறதும் றோட்டாலைதானே. ஓடுறதெண்டால் காட்டுக்குத்தான் ஓடவேணும். காட்டுக்குப் போற பாதை உன்ர வீட்டடியாலை."

"எங்க வீடு ஓலைங்கம்மா" என்றாள் பாக்கியம். "ஒரு நெருப்புக்குச்சி போதும். உங்க வீடு கல்லு."

அதற்குமேல் இருவரும் பேசியிருந்தாலும் பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

களஞ்சியத்தில் தவமணி பைகளைத் திரும்ப மாட்டவில்லை. வெறும் ஆணிகளோடு கதவுகள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஐயா சொன்னதுதான் சரி என்றாள். அதன்பிறகு குளத்து மீன் குழம்பும் எருமைத் தயிருமாக என்னைக் கொழுக்க வைப்பதில் முனைந்தாள், ஓரளவு வெற்றியும் கண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பரமேஸ்வரி அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தேன் ஒரு போத்தல் கொடுத்தார். கூடத்துக் கதவோரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஒரு புது ஆணி. அதில் ஒரு பை. பைகள்தான் எல்லாம் ஒரே மாதிரியாயிற்றே, யாருடையது என்று நான் கேட்கவில்லை.

காட்டோரத்தில் பாக்கியம் ரொட்டி கட்டிக் கொடுத்தாள். அவள் ஓலைத் தட்டியின் ஓரத்திலும் ஒரு பை இருந்தது. "இது அக்காவோடதா?" என்றேன். ஆமாம் என்றாள்.

"உங்க காகிதமெல்லாம்?"

"அவங்க வூட்லதாங்க. கல்லு வீடு, எரியாது. இவங்களோடது இங்க. ஓடுறப்ப வழியில எடுத்துக்கலாம்னு சொன்னாங்க."

கை வைத்துத் தூங்க ஒன்றும் இல்லாமல் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மொத நாளு வரலீங்க. அங்க தனியாக் கெடக்குதேன்னு ரெண்டு தடவ எந்திரிச்சு உக்காந்தேன். பொறகு நெனச்சுப் பாத்தேன். ஜீப்பு வந்தா இப்ப நான் காட்டுக்கு ஓட முடியாது, மொதல்ல அந்தம்மா வூட்டுக்குத்தான் ஓடணும். அவங்களும் எங்கிட்டதான் ஓடியாரணும். நடுவழியில ரெண்டு பேரும் பாத்துக்குவோமுல்ல. அத நெனச்சேன், தூங்கிட்டேங்க."